நெஃப்ரோடிக் உள்ள பிள்ளைக்கு ஆண்டு 1-ஐ வீட்டிலேயே நடத்தலாமா? பி.பி.டி.யில் (மாவட்டக் கல்வி இலாகா) என்ன கேட்பார்கள்?

செம்பனைக்காடு (கேள்வி)

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட் பக்கம், எஸ்டேட்டை ஒட்டின தாமான்ல இருக்கோம். மகன் 2020-ல பொறந்தவன். 2027 ஜனவரியில ஆண்டு 1 (ஆரம்பப்பள்ளி முதல் வகுப்பு) போகணும். அவனுக்கு நெஃப்ரோடிக் சின்ட்ரோம்ங்கற சிறுநீரக நோய். சளிக்காய்ச்சல் வந்தா அடுத்த வாரமே கண்ணைச் சுத்தி வீங்கிரும், மறுபடி பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மருந்து) முழு டோஸ்ல தொடங்கணும். ஈப்போவுல ஸ்பெஷலிஸ்ட் பாக்குறார். கூட்டத்துல விடாதீங்கன்னு சொல்றார், ஆனா எழுத்துல எதுவும் தரல.

ஒரு ரெண்டு வருசம் வீட்டுலயே சொல்லிக்குடுத்துட்டு, உடம்பு தேறினதும் தமிழ்ப்பள்ளியில சேர்க்கலாம்னு எண்ணம். எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தின தேர்வு) முடிச்சிருக்கேன், பாலர் பள்ளி டிப்ளோமாவும் இருக்கு. வீட்டுக்காரர் மில்லுல ஷிப்டு.

கேட்டவங்கல்லாம் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. "ஆண்டு 1-க்குப் பதியாம விட்டுருங்க, யாரும் தேடி வரமாட்டாங்க"ங்கறார் ஒருத்தர். "ஈப்போவுல ஒரு ஹோம்ஸ்கூல் சென்டர்ல பேரைப் போட்டா போதும்"ங்கறாங்க இன்னொருத்தங்க. ஓ.கே.யு. கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்தா தன்னால விலக்கு வந்துரும்னும் ஒரு பேச்சு. இதுல எது சரி? எங்க போயி, எந்தப் பேப்பரோட கேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய கிராணி

தங்கச்சி, மூன்றுமே சரியில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டம், அதாவது அக்தா (சட்டம்) 550. அதில் 29ஏ பிரிவு 2002-ல் சேர்க்கப்பட்டது. 2003 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. மலேசியாவில் வசிக்கும் குடிமக்களான பெற்றோர், நடப்புப் பள்ளியாண்டின் ஜனவரி முதல் தேதியில் ஆறு வயது நிறைந்த பிள்ளையை அந்த ஆண்டே ஆரம்பப்பள்ளியில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் மட்டும் போதாது, கட்டாயக் கல்விக் காலம் முடியும்வரை பிள்ளை அங்கே மாணவனாகத் தொடர வேண்டும். 2020-ல் பிறந்த உங்கள் மகனுக்கு 2027-ல் இது பொருந்தும். மீறினால் 5,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்போகாத அபராதம், அல்லது ஆறு மாதத்துக்கு மேற்போகாத சிறை, அல்லது இரண்டும். பொறுப்பு பெற்றோர் தலையில்தான். பிள்ளையை வைத்திருக்கும் காப்பாளருக்கும் அதே பொறுப்பு.

அதே பிரிவின் உட்பிரிவு 3-ல்தான் உங்களுக்கான கதவு இருக்கிறது. மாணவர் நலனுக்கோ பொதுநலனுக்கோ உகந்தது என்று அமைச்சர் கருதினால், ஒரு மாணவருக்கோ ஒரு வகை மாணவர்களுக்கோ கட்டாயக் கல்வியிலிருந்து விலக்கு தரலாம். நிபந்தனையோடும் தரலாம், நிபந்தனை இல்லாமலும் தரலாம். பிறகு மாற்றவோ திரும்பப் பெறவோ செய்யலாம். கவனியுங்கள்: வீட்டில் படிக்கவைக்கிறேன் என்று அறிவித்துவிட்டுத் தொடங்குகிற முறை இங்கே இல்லை. கேட்டு, கையில் கடிதம் வாங்கி, அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் "ஒரு நோட்டீஸ் அனுப்பினால் போதும்" என்பார்கள். அது அவரவர் நாட்டுச் சட்டம்.

இப்போது அந்த மூன்று யோசனைகள். பதியாமல் விடுவது என்பது சட்டத்தை மீறுவது, அவ்வளவுதான். யாரும் தேடி வராமலே போகலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து நீங்களே அவனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவீர்கள் அல்லவா? அப்போது "இத்தனை நாள் எங்கே இருந்தான்?" என்ற கேள்விக்குக் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. மாறாக, பள்ளியில் பெயர் இருந்து கடிதமும் இருக்கிற பிள்ளை திரும்பி வருவது சாதாரண விஷயம்.

சென்டர் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் காசும் போகும். அந்த மாதிரி இடங்கள் பல டியூஷன் சென்டராகவோ மொழி மையமாகவோ பதிவு பெற்றிருக்கும். சில பதிவே இல்லாமல் நடக்கும். டியூஷன் லைசென்சு ஒரு இடத்தை ஆரம்பப்பள்ளி ஆக்கிவிடாது. அங்கே போகிற பிள்ளை 29ஏ பிரிவின்படி பள்ளியில் இருக்கிற பிள்ளை ஆகமாட்டான். சென்டர்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் பதிவுச் சான்றிதழில் இன்ஸ்டிதுசி (கல்வி நிலையம்) என்ன வகை என்று போட்டிருக்கிறது, பார்க்கலாமா?" பதில் வருகிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

ஓ.கே.யு. பதிவு சமூகநல இலாகாவின் வேலை. கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என ஏழு வகை உண்டு. நெஃப்ரோடிக் மட்டும் இருந்தால் அதில் எதிலும் அடங்காது. கார்டு இருந்தாலும் அது விலக்கு ஆகாது, ஓ.கே.யு. பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி உண்டு. 2019-லிருந்து எந்தச் சிறப்புத் தேவைப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையே இருக்கிறது.

ஆகவே வரிசை இப்படி: பிள்ளையை ஆண்டு 1-க்குப் பதியுங்கள். கல்வி அமைச்சின் ஐடிமீ போர்ட்டலில் பதிந்து, தேர்ந்தெடுத்த தமிழ்ப்பள்ளியில் பிறப்புப் பத்திரம், பெற்றோர் ஐசி, வீட்டு முகவரிக்கான பில் காட்டி உறுதி செய்யுங்கள். காலம் தவறியிருந்தால் நேரே பி.பி.டி.யில் தாமதப் பதிவு கேளுங்கள். உங்கள் பகுதிக்குக் கோலகங்சார் மாவட்டக் கல்வி இலாகா. பதிவு முடிந்த பிறகு விலக்கு விண்ணப்பம். பதில் கடிதம் கைக்கு வரும்வரை பள்ளியிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள்.

---

இரண்டாம் மணி

கிராணி ஐயா சட்டத்தைச் சொல்லிட்டார். நான் மருத்துவ அறிக்கை பத்திச் சொல்றேன். நடைமுறையில விலக்கு கிடைக்க வாய்ப்பு அதிகமா இருக்கிறது நாட்பட்ட நோய் உள்ள பிள்ளைகளுக்குத்தான். அதுலயும் ஃபைல் நிக்கிறதும் விழுறதும் ஸ்பெஷலிஸ்ட் எழுதுற ஒரு வாக்கியத்துல.

பெரும்பாலும் பெற்றோர் கொண்டுபோறது அப்பாயின்ட்மென்ட் கார்டு, இல்லன்னா "இப்பிள்ளை எங்கள் கிளினிக்கில் ஃபாலோ அப்பில் இருக்கிறார்"னு ரெண்டு வரிக் கடிதம். அது எதையும் நிரூபிக்காது. ஃபாலோ அப்பில் இருக்கிற ஆயிரம் பிள்ளைங்க தினம் பள்ளிக்குப் போய்க்கிட்டுதான் இருக்காங்க. அதிகாரி தேடுறது வேற: பள்ளிக்குப் போக முடியாதுன்னு டாக்டர் சொல்றாரா, ஏன், எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்?

அதனால அறிக்கையில இவை வரணும். நோயின் பேர், எந்த வருசம் கண்டுபிடிச்சது. கடைசி 12 மாசத்துல எத்தனை தடவை திரும்பிச்சு, எத்தனை தடவை வார்டுல படுத்தான். இப்போ என்ன மருந்து, என்ன டோஸ். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறதால தொத்து நோய், குறிப்பா சின்னம்மையும் தட்டம்மையும், இவனுக்கு ஆபத்துன்னு தெளிவா ஒரு வரி. உயிருள்ள தடுப்பூசிகளை அதிக டோஸ் ஸ்டீராய்டுல இருக்கும்போது போட முடியாததால ஏதாவது ஊசி பாக்கி இருந்தா அதுவும். கடைசியா பரிந்துரை: "இந்தக் காரணத்தால் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வழக்கமான பள்ளி வகுப்புக்குச் செல்ல ஏற்ற நிலையில் இல்லை." இந்தக் கடைசி வரி இல்லன்னா மேல எழுதினதெல்லாம் வீண்.

இதைக் கிளினிக் நாள்ல வாய்ல கேட்டா கிடைக்காது. டாக்டருக்கு முன்னால ஐம்பது பேர் உக்காந்திருப்பாங்க. மருத்துவமனையோட ரெக்கார்டு யூனிட்ல மெடிக்கல் ரிப்போர்ட் பாரம் வாங்கி, "எதற்காக"ங்கிற இடத்துல "கட்டாயக் கல்வி விலக்கு விண்ணப்பம், கல்வி இலாகாவுக்கு"ன்னு எழுதிக் கட்டணம் கட்டுங்க. சில வாரம் பிடிக்கும். அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல டாக்டர்கிட்ட, இலாகா என்ன கேக்கும்னு மேல சொன்ன விவரத்தை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அவருக்கும் வேலை சுலபம்.

இப்போ ஒரு கசப்பான விஷயம், முன்னாடியே சொல்லிடறேன். நெஃப்ரோடிக் உள்ள பிள்ளைங்க நோய் அடங்கியிருக்கிற காலத்துல பொதுவா பள்ளிக்குப் போகலாம்ங்கறதுதான் மருத்துவர்கள் கருத்து. அதனால உங்க ஸ்பெஷலிஸ்ட் ரெண்டு வருசத்துக்கு எழுதித் தராம போகலாம். "கூட்டத்தில் விடாதீர்கள்"ங்கறது ஒண்ணு, "பள்ளிக்குப் போகவே கூடாது"ங்கறது வேற ஒண்ணு. அவர் ஆறு மாசத்துக்கோ ஒரு வருசத்துக்கோ தந்தா அதையே வாங்கிக்குங்க. குறுகின காலம் கேக்கிற விண்ணப்பம் நம்பகமாவும் இருக்கும். தரவே மாட்டேன்னா விலக்குக்குப் போகாதீங்க, பலன் இல்ல. அப்போ வேற வழி: பேர் பள்ளியில இருக்கட்டும், நோய் திரும்புற நாட்கள்ல எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) குடுத்து வீட்டுல படிக்கட்டும், வார்டுல இருந்தா அங்கேயே படிக்கட்டும். பெரிய அரசு மருத்துவமனைகள் சிலதுல 2011-லேர்ந்து 'செக்கோலா டாலாம் ஹொஸ்பித்தால்'னு (மருத்துவமனைக்குள் பள்ளி) கே.பி.எம். (கல்வி அமைச்சு) ஆசிரியர்களோட வகுப்பு நடக்குது. அதுக்குத் தனியாப் பள்ளி மாத்த வேண்டியதில்ல. வார்டுல படிச்ச நாட்களுக்கு அங்கேர்ந்து எழுத்துல வாங்கி உங்க பள்ளியில குடுத்துடுங்க.

எம்.சி. விஷயத்துல ஒண்ணு: ஒரு நாள் வரலன்னாலும் தாள் போகணும். காரணம் எழுத்துல இல்லாம நாட்கள் சேர்ந்தா எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையா வரும். வகுப்பாசிரியருக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினது ஃபைல்ல ஏறாது. அசல் ஆபீஸ்ல குடுங்க, நகல் உங்ககிட்ட.

---

லோரித்தம்பி

நல்ல தகவல். ஆனா ஒரு சந்தேகம் அண்ணே. நோய் இல்லாத பிள்ளைங்களுக்கு வழியே இல்லையா? பள்ளியில பசங்க அடிக்கறாங்க, படிப்பு ஏறல, அப்பா அம்மாவே சொல்லிக்குடுக்கணும்னு ஆசை, இப்படிப் பலருக்குக் காரணம் இருக்கு. அப்புறம், ஆரம்பப்பள்ளிக்குத்தானே கட்டாயம்? ஆறாம் ஆண்டு முடிச்சிட்டா வீட்டுல வச்சு ஐ.ஜி.சி.எஸ்.இ. (பிரிட்டிஷ் பாட இடைநிலைத் தேர்வு) எழுத வைக்கலாம்னு சொல்வாங்களே?

---

பழைய கிராணி

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில். ஆறாம் ஆண்டு வரைதான் கட்டாயம் என்பது பழைய நிலை. அதை நம்பித்தான் பலர் பன்னிரண்டு வயதுக்குக் காத்திருந்து, பிறகு வீட்டுக்கல்விக்கு மாறினார்கள். 2025-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கல்விச் சட்டத் திருத்தம் கட்டாயத்தை இடைநிலைப்பள்ளிக்கும் நீட்டுகிறது. பிள்ளை ஆறாம் ஆண்டில் இருந்தால், திருத்தம் அவனுடைய ஆண்டுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பி.பி.டி.யில் எழுத்தில் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். பழைய ஃபேஸ்புக் பதிவை வைத்து படிவம் 1 (இடைநிலைப்பள்ளி முதல் ஆண்டு) பதிவை விட்டுவிடாதீர்கள்.

முதல் கேள்வி. சட்டத்தின் எழுத்தில் "நோய் இருந்தால் மட்டும்" என்று இல்லை. ஆனால் "கேட்டால் தந்தே ஆகவேண்டும்" என்றும் இல்லை. முழுக்க அமைச்சின் விருப்புரிமை. "நாங்களே நன்றாகச் சொல்லிக்கொடுப்போம்" என்ற ஒரே காரணத்துக்கு இசைவு கிடைக்கும் என்று நம்பி வேலையை விடுவதோ சென்டருக்கு முன்பணம் கட்டுவதோ புத்திசாலித்தனம் அல்ல. விண்ணப்பிக்கத் தடை இல்லை; பதில் வரும்வரை பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும்.

அடி உதை என்றால் விலக்கு அதற்கு மருந்தே இல்லை. தலைமையாசிரியருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலோடு பள்ளி மாற்றம் கேட்பது விரைவான வழி. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைவு, இடம் இருக்கும். சில பள்ளிகளில் ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள்தான். படிப்பு ஏறவில்லை என்றால் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் கேட்டு, சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்புத் திட்டம் உள்ள பள்ளியைப் பாருங்கள். வீட்டில் வைத்துக்கொள்வதால் டிஸ்லெக்சியா போய்விடாது.

(செம்பனைக்காடு தங்கச்சியின் மகனுக்கும் இந்தச் சிறு பள்ளி விஷயம் பொருந்தும். நாற்பது பேர் உள்ள டவுன் வகுப்பும் பன்னிரண்டு பேர் உள்ள எஸ்டேட் வகுப்பும் தொற்று விஷயத்தில் ஒன்றல்ல. டாக்டரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.)

---

கரும்பலகை

பாடத் திட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. விலக்கு கிடைத்தாலும், எம்.சி. வழியில் போனாலும் இது வேண்டும்.

செம்பனைக்காடு, உங்கள் மகன் நுழையும் 2027-ல்தான் ஆண்டு 1-க்கும் படிவம் 1-க்கும் புதிய பாடத்திட்டம் தொடங்குகிறது. குரிக்குலும் பெர்செக்கோலாஹான் 2027 என்கிறார்கள். அக்காள் பிள்ளையின் பழைய ஆண்டு 1 புத்தகங்களை வாங்கி அடுக்கிவிடாதீர்கள். அவை 2017 திருத்தத்தின்படி வந்தவை. பாடவாரியாக டி.எஸ்.கே.பி. என்ற ஆவணம் கே.பி.எம். வெளியிடும், எதை எந்த அளவுக்குப் பிள்ளை செய்யவேண்டும் என்பது அதில் வரிவரியாக இருக்கும். பாடப்புத்தகத்தைவிட அதுதான் உங்களுக்குத் தேவை. விண்ணப்பத்தோடு வைக்கும் கால அட்டவணையிலும் "தமிழ் 1 மணி" என்று எழுதாமல், அந்த ஆவணத்தின் தர எண்ணைக் குறித்து எழுதினால், பார்க்கிற அதிகாரிக்கு நீங்கள் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று புரியும்.

கே.பி.எம்.மின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் நுழைய மாணவர் ஐடி வேண்டும். அதைப் பள்ளிதான் தரும். பெயர் பள்ளியில் இருக்கவேண்டும் என்று கிராணி ஐயா சொன்னதற்கு இது இன்னொரு காரணம். கல்வி ஒளிபரப்பான டிடிக் டிவிக்கு ஐடி வேண்டாம்.

மணி நேரம்: ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒருவரே எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் தாராளம். பள்ளியில் ஒரு பாடவேளை 30 நிமிடம். வீட்டிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பள்ளிக்குப் போனால் உடம்பு பழகியிருக்கும். வீக்கம் இருக்கும் வாரத்துக்கு ஒரு தனி அட்டவணை போடுங்கள்: வாசிப்பு ஒரு வேளை, கணக்கு ஒரு வேளை, அவ்வளவுதான். பிரெட்னிசோலோன் அதிக டோஸில் இருக்கும் பிள்ளைக்குப் பசியும் எரிச்சலும் கூடும், தூக்கம் கெடும். அந்த வாரத்தில் புதுப் பாடம் தொடங்கினால் அழுகைதான் மிஞ்சும்.

வீட்டுக்கல்வியில் பின்தங்குவது பெரும்பாலும் மலாய். வீட்டில் தமிழ், டிவியில் ஆங்கிலம், மலாய் எங்கிருந்து வரும்? நம் பள்ளிகளில் ஒரு பிள்ளை தேறினாலும் தேறாவிட்டாலும் வயதை வைத்து அடுத்த ஆண்டுக்கு ஏற்றிவிடுவார்கள். எனவே உங்கள் மகன் இரண்டு வருடம் கழித்துத் திரும்பினால் நேரே ஆண்டு 3-ல் உட்காருவான். தமிழ்ப்பள்ளியில்கூட மலாய்க் கட்டுரைக்கு அங்கே காத்திருக்கமாட்டார்கள். தினமும் ஒரு வேளை மலாய், அதில் பாதி நேரம் சத்தமாக வாசிப்பு, சொல்வதெழுதுதல் வாரம் இரண்டு முறை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்காம் ஆண்டில் வரலாறு வேறு சேரும், அதுவும் மலாயைச் சார்ந்தே வளரும்.

பதிவேடு: ஒரு பாடத்துக்கு ஒரு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. மாதம் ஒரு முறை ஒவ்வொரு பாடத்திலிருந்தும் ஒரு வேலையை எடுத்து ரிங் ஃபைலில் போடுங்கள், சரியாகச் செய்ததையும் தப்பாகச் செய்ததையும். எல்லாமே நூற்றுக்கு நூறாக இருக்கிற ஃபைலை யாரும் நம்பமாட்டார்கள். வாசிப்பை மட்டும் மாதம் ஒரு நிமிடம் போனில் ஒலிப்பதிவு செய்து வையுங்கள். திரும்பச் சேர்க்கும்போது வகுப்பாசிரியருக்கு அதைவிட நல்ல தகவல் கிடையாது.

யு.பி.எஸ்.ஆர். (ஆறாம் ஆண்டுத் தேர்வு) 2021-ல் நின்றது, பி.டி.3 (படிவம் 3 தேர்வு) 2022-ல் நின்றது. ஆக, வீட்டில் படிக்கிற பிள்ளையின் நிலையை வெளியிலிருந்து காட்ட அந்தத் தேர்வுகள் இப்போது இல்லை. அதனால்தான் இந்த ஃபைலுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

லோரித்தம்பிக்கு: ஐ.ஜி.சி.எஸ்.இ. தனித் தேர்வராக எழுதலாம், பிரிட்டிஷ் கவுன்சில் மாதிரி மையங்கள் வழியாக. தனியார் கல்லூரிக்கு அது போதும். ஆனால் அரசு வேலை, அரசுப் பயிற்சி என்று போனால் எஸ்.பி.எம். (படிவம் 5 பொதுத் தேர்வு) மலாய் கிரெடிட் கேட்பார்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமென்றால் மலாயும், 2013 முதல் வரலாறும் தேர்ச்சி பெற்றே ஆகவேண்டும். தனித் தேர்வர் பதிவு லெம்பாகா பெப்பெரிக்சாஆன் (தேர்வு வாரியம்) தளத்தில். காலம் குறுகியது, தவறினால் ஒரு வருடம் போச்சு. மலாய்க்கு எழுத்துத் தாளோடு பேச்சுத் தேர்வும் கேட்டல் தேர்வும் உண்டு என்பதையும் மறக்கவேண்டாம்.

---

செம்பனைக்காடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர் ரெண்டு வருசம் தரமாட்டார்னு எனக்கும் இப்போ தோணுது. ஆறு மாசம் தந்தா அதை வச்சே விண்ணப்பிக்கிறேன். கடிதம் மலாய்லதானே எழுதணும்? யாருக்கு எழுதறது, என்னென்ன கோர்க்கறது? வீட்டுக்காரர் ஷிப்டுல இருக்கறதால நான் மட்டும் கையெழுத்துப் போட்டா போதுமா?

---

பழைய கிராணி

மலாய்தான். பேராக் மாநிலக் கல்வி இலாகாவின் (ஜே.பி.என்.) இயக்குநருக்கு முகவரி போட்டு, அதற்குக் கீழே "மெலாலுயி" (வழியாக) என்று கோலகங்சார் மாவட்டக் கல்வி அதிகாரியைக் குறிப்பிட்டு, பி.பி.டி.யிலேயே கொடுங்கள். இப்படி எழுதினால் பி.பி.டி. தன் கருத்தோடு மேலே அனுப்பும். நேரே மேலே அனுப்பினால் கருத்துக் கேட்டு மறுபடி கீழே வரும், வாரங்கள் போகும்.

தலைப்பு வரி தெளிவாக இருக்கட்டும்: "பெர்மோஹோனான் பெங்கெச்சுவாலியான் பெண்டிடிக்கான் வாஜிப் டி பாவா செக்சென் 29ஏ(3) அக்தா பெண்டிடிக்கான் 1996" (1996 கல்விச் சட்டம் 29ஏ(3) பிரிவின் கீழ் கட்டாயக் கல்வி விலக்கு விண்ணப்பம்). "ஹோம்ஸ்கூலிங் செய்ய அனுமதி" என்று மட்டும் எழுதினால் அது எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் சுற்றும். கடிதத்தின் உடலில் நான்கு பத்தி போதும். பிள்ளை யார், பிறப்புப் பத்திர எண், எந்தப் பள்ளியில் பதிவு. நோய் என்ன, டாக்டர் அறிக்கை இணைப்பு ஒன்று. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கேட்கிறீர்கள். வீட்டில் யார், என்ன தகுதியோடு, எந்தப் பாடத்திட்டத்தில் கற்பிப்பார். கடைசி வரியில் காலம் முடிந்ததும் அதே பள்ளிக்குத் திரும்ப அனுப்புவோம் என்று எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் அந்த வரிக்குக் கனம் அதிகம். அதிகாரிக்கு இருக்கும் பயமே பிள்ளை கல்வியிலிருந்து நழுவிவிடுவான் என்பதுதான்.

காலத்தை டாக்டர் எழுதிய தேதிகளுக்கு மேல் ஒரு நாள்கூடக் கேட்காதீர்கள். அறிக்கை ஜூன் வரை என்று சொல்லி, கடிதம் டிசம்பர் வரை கேட்டால், "தெளிவுபடுத்தவும்" என்று திரும்பி வரும்.

இணைப்பு: பிறப்புப் பத்திரம், பெற்றோர் இருவரின் ஐசி, திருமணப் பத்திரம், ஐடிமீ பதிவு உறுதித் தாள், மருத்துவ அறிக்கை, உங்கள் எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா சான்றிதழ், கரும்பலகை சொன்ன மாதிரி இரண்டு கால அட்டவணை. சட்டத்தில் இப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஆனால் அதிகாரி மேலும் கேட்கக்கூடியவை இவைதான், முன்கூட்டியே வைத்தால் ஒரு சுற்று மிச்சம். நகல்களில் தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் போகும்போதே அவரிடம் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். தலைமையாசிரியருக்குத் தெரியாமல் மேலே போன விண்ணப்பத்தைப் பற்றி பி.பி.டி. அவரைத்தான் முதலில் போனில் கேட்கும்.

கையெழுத்து இரண்டு பேருடையதும் வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, பின்னால் "அப்பாவுக்குச் சம்மதமா?" என்று ஒரு கடிதம் வராமலிருக்கத்தான். அவர் ஷிப்டு முடிந்து வந்து வீட்டில் போட்டால் போதும், இலாகாவுக்கு அவர் வரவேண்டியதில்லை.

இரண்டு செட் அடியுங்கள். ஒன்றைக் கவுண்டரில் கொடுத்து, மற்றதில் "தெரிமா" (பெறப்பட்டது) சோப்பும், அதாவது முத்திரையும், தேதியும் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய அதிகாரியின் பெயரையும் அந்தத் தாளிலேயே பென்சிலில் எழுதிவிடுங்கள். அந்தச் சோப்பு இல்லாத விண்ணப்பம் தொலைந்துபோனால் கேட்க வாய் இருக்காது. ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் அந்தத் தாளின் நகலோடு நினைவூட்டுக் கடிதம்.

---

இரண்டாம் மணி

ஒரு சேர்க்கை. ஜனவரிக்குள்ள பதில் வரலன்னா பள்ளி தொடங்குற அன்னிக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. 2026-லேர்ந்து பள்ளியாண்டு மறுபடி ஜனவரிக்கு வந்துருச்சு, அதனால அவகாசம் குறைவு. பதில் நிலுவையில இருக்கிற காலத்துக்கு டாக்டரோட எம்.சி., விண்ணப்பத்தோட சோப்பு போட்ட நகல், ரெண்டையும் முதல் நாளே பள்ளி ஆபீஸ்ல குடுங்க. முடிஞ்சா முதல் நாள் பையனை ஒரு மணி நேரமாவது யூனிஃபார்ம்ல கூட்டிட்டுப் போயி வகுப்பாசிரியரைப் பாக்க வையுங்க, முகக்கவசத்தோட. வரவுப் பதிவேட்டுல பேர் ஏறும். வகுப்புல யாருக்காவது சின்னம்மை வந்தா அன்னிக்கே எனக்குப் போன் பண்ணுங்கன்னு அவர்கிட்ட நம்பரும் குடுத்துட்டு வாங்க. தொடர்பு பட்டிருந்தா மணிக்கணக்குல டாக்டருக்குச் சொல்லியாகணும், வாரக்கடைசி வரைக்கும் காத்திருக்கக்கூடாது.

விலக்குக் கடிதம் வந்தா அதுல முடியிற தேதியைப் பாருங்க. நீட்டிக்கணும்னா புது மருத்துவ அறிக்கை வேணும், பழசை நகலெடுத்து வைக்க முடியாது. ரிப்போர்ட்டுக்கே சில வாரம் ஆகுறதால முடியிற தேதிக்கு மூணு மாசம் முன்னாடி ரெக்கார்டு யூனிட்டுல பாரம் போட்டுடுங்க.